கேளுங்க சொல்றேன்: இந்த முறை கிண்டல் பண்ற புதிர் கேம் பத்தி மட்டும்

போன இதழ்ல 'த லுக்கர்'ங்குற இலவச கேம் பத்தி நாலு வரி எழுதினேன். அதுக்கு இத்தன கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நீங்க எழுதினத பாத்துட்டு கூட்டாளியோட லெப்டொப்ல 'த லுக்கர்' டவுன்லோட் பண்ணி வெளையாடினேன், வயிறு வலிக்க சிரிச்சேன். ஆனா எங்க அண்ணன், "இது 'த விட்னஸ்'ங்குற பெரிய கேம கிண்டல் பண்ணி செஞ்சது, அத வெளையாடாதவனுக்கு இதுல என்னடா சிரிப்பு இருக்கு"ன்னு சொல்லிட்டான். நான் சிரிச்சது சும்மாவா? (மஸ்கெலியாவிலருந்து ஏ.எல். படிக்கிற ஒரு தம்பி)

பதில்: சும்மா இல்ல தம்பி, சிரிப்பு வந்துச்சுன்னா வந்தது தான், அதுக்கு அண்ணன்கிட்ட பாஸ் எடுக்க வேண்டியதில்ல. ஆனாலும் அண்ணன் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதனால ரெண்டையும் சொல்றேன்.

மொதல்ல பெரிய கேம் என்னன்னு மத்த வாசகருக்கும் சொல்லிடுறேன். 'த விட்னஸ்' 2016 ஜனவரில வந்தது, செஞ்சவர் ஜொனதன் புளோ. அவரு 2008ல 'பிரெய்ட்'னு ஒரு கேம் செஞ்சு அதுல வந்த காச எடுத்து இதுல போட்டு ஏழு வருசத்துக்கு மேல ஒரு டீமோட ஒக்காந்து செஞ்சாரு. ஆளே இல்லாத ஒரு தீவு, அதுல அங்கங்க பலகை, பலகைல ஒரு வட்டப் புள்ளிலருந்து கோடு இழுத்து முடியுற எடத்துக்கு கொண்டு போகணும், அவ்வளவு தான் வேல. ஆனா அந்த மாதிரி 500க்கு மேல புதிர் இருக்கு, ஒண்ணுக்கும் எழுத்துல வெளக்கம் கெடையாது, மொத பலகை ரெண்டாவது பலகைக்கு சொல்லிக் குடுக்கும், ரெண்டாவது மூணாவதுக்கு. நடுவுல அங்கங்க ஒலிப்பதிவு கெடக்கும், தொட்டா ஒரு குரல் ஞானிங்க, விஞ்ஞானிங்க சொன்ன பெரிய பெரிய வார்த்தையெல்லாம் நிதானமா வாசிக்கும்.

'த லுக்கர்' 2022 ஜூன்ல ஸ்டீம்னு கொம்பியூட்டர் கேம் விக்கிற இணையக் கடைல இலவசமா வந்தது, செஞ்சது சப்கிரியேஷன் ஸ்டூடியோன்னு ஒரு சின்ன எடம். அதே மாதிரி ஆளில்லாத எடம், அதே மாதிரி பலகை, அதே மாதிரி கோடு, அதே மாதிரி கம்பீரமான குரல், ஆனா அந்தக் குரல் பேசுறது பூரா ஒண்ணுமில்லாத பேச்சு, பலகைல நீங்க இது தான் விதின்னு நம்பி கோடு இழுத்தா அது வேற எங்கயோ கொண்டு போய் விடும். ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். எந்தப் பலகைல என்ன நடக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், விடுகதைய அவுத்துட்டு அப்பறம் கேட்டா அதுல என்ன ருசி.

இப்ப உங்க கேள்விக்கு வாரேன். போன வருசம் கொட்டகலைல சித்தி வீட்டுக்கு போயிருந்தேன், ஒரே மழை, தகரத்துல அடிக்கிற சத்தத்துல பேசுறது கேக்காது. தம்பி மகன் கொழும்புல வேல செஞ்சப்ப சேல்ல வாங்கின 'த விட்னஸ்'ஸ லெப்டொப்ல வச்சுக்கிட்டு ஒரே பலகைல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தான், கட்டத்தோட கோட்டு மேல கறுப்பு கறுப்பா சின்னப் புள்ளி இருக்கு, இவன் கோட்ட முடியுற எடம் வரைக்கும் சரியா கொண்டு போறான், பலகை ஏத்துக்க மாட்டேங்குது. எங்க அம்மாயி பிளேன்டீ கொண்டாந்து வச்சாங்க. நாப்பது வருசம் தேயிலக் கொழுந்து எடுத்த கை அது, வெரல் நுனியெல்லாம் இன்னும் கறுத்து வெடிச்சு தான் இருக்கும். அந்த வெரல ஸ்கிரீன் மேலயே வச்சு, "ஏன்டா புள்ளிய விட்டுட்டு போற, கோலம் போடுறவ புள்ளிய விடுவாளா"ன்னு கேட்டாங்க. அவன் எல்லாப் புள்ளியும் படுற மாதிரி கோட்ட வளைச்சு இழுத்தான், தொறந்துடுச்சு. விதி அது தான், எல்லாப் புள்ளியையும் தொட்டுட்டுப் போகணும். ஒரு எழுத்து படிக்காம, கேம்னா என்னன்னே தெரியாம, வாசல்ல மாவுக்கோலம் போட்ட பழக்கத்துல அவங்க கண்டுபுடிச்சிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே அவன் 'த லுக்கர்'ர போட்டான். அம்மாயிக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லு தெரியாது, ஆனா அந்த ஒலிப்பதிவுக் குரல் இழுத்து இழுத்து பேசுறத கேட்டதும் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க. என்ன அம்மாயின்னு கேட்டா, "நம்ம பழைய தலைவர் மீட்டிங்ல பேசுற மாதிரியே பேசுறான், ஒண்ணும் சொல்லாமயே அரை மணி நேரம் பேசுவாரே"ன்னாங்க. பெரிய கேம்ல அந்தக் குரல் எதுக்கு வருதுன்னு அவங்களுக்கு தெரியாது, ஆனா பெரிய மனுசத் தோரணைன்னா என்னன்னு தெரியும். நீங்க சிரிச்சதும் அப்படித் தான் தம்பி. தோரணையோட பேசுற ஆள எங்கயாவது பாத்திருப்பீங்க, சுத்தி வளைச்சு கேள்வி கேக்குற பேப்பர் எழுதியிருப்பீங்க, அது போதும்.

அண்ணன் சொன்ன பாதி உண்மை என்னன்னா, மூலத்த வெளையாடினவங்களுக்கு அடியில இன்னொரு சிரிப்பு இருக்கு. 'த விட்னஸ்'ல ஒரு புதிருக்காக ஒரு நீளமான பேச்சு வீடியோவ ஓட விட்டு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காத்திருக்கணும். அப்படி காத்திருந்து பழகின மனுசன் 'த லுக்கர்'ல ஒவ்வொரு சின்ன விசயத்தையும் பாத்து, "ஐயோ இதுலயும் ஏதோ இருக்கு"ன்னு நின்னு நின்னு போவான், அந்த நிக்கிறதையே குறி வச்சு தான் செஞ்சிருக்காங்க. உங்களுக்கு அது கெடைக்கல, அதனால கெடைச்சது பொய்யாகாது. அண்ணன்கிட்ட பெரிய கேம் இருந்தா வாங்கி வெளையாடிட்டு சின்னத திரும்ப ஒருக்கா போட்டுப் பாருங்க, எனக்கு எழுதுங்க.

கேள்வி: ஒருத்தர் ஏழு வருசம் உழைச்சு செஞ்சத எடுத்து நக்கலடிச்சு ஒரு மணி நேர கேமா போடுறது எனக்கு சரின்னு படல. வகுப்புல பிள்ளைகள் ஒருத்தர ஒருத்தர் பேசிக் காட்டி அழ வைக்கிறத தெனமும் பாக்கிறேன். இதையும் அந்தப் பழக்கத்தோட தான் நான் சேக்கிறேன். உங்க கருத்து? (அப்புத்தளையிலருந்து ஒரு ஆசிரியை)

பதில்: டீச்சர், உங்க கேள்விய ரெண்டு நாளு மனசுல வச்சிருந்தேன், ஏன்னா நீங்க சொல்ற அந்த அழுகைய நானும் பள்ளிக்கூடத்துல அழுதிருக்கேன். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லன்னு உறுதியா நம்புறேன், ஏன்னு சொல்றேன்.

1993ல 'மிஸ்ட்'னு ஒரு கேம் வந்தது, மில்லர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு செஞ்சது, அதுலயும் ஆளில்லாத தீவு, புதிர். லட்சக்கணக்குல வித்துச்சு, 'த விட்னஸ்' மாதிரி கேமுக்கெல்லாம் அது தான் பாட்டன்னு சொல்லணும். அத கிண்டல் பண்ணி 1996ல 'பிஸ்ட்'னு ஒண்ணு வித்தாங்க, அதுல ஜோன் குட்மன்ங்குற ஹொலிவுட் நடிகரு கூட நடிச்சிருந்தாரு. யோசனை என்னமோ நல்லது தான், அந்த அழகான தீவுக்கு லட்சக்கணக்கான ஆளுங்க வந்துட்டுப் போனா எப்படி குப்பையா கெடக்கும்னு காட்டுறது. ஆனா அதுல வெளையாட்டே இல்ல, புதிரே இல்ல, ஒவ்வொரு படமா பாத்துட்டே போகலாம், குப்பைய பாக்கலாம், அவ்வளவு தான். காசு குடுத்து வாங்கினவங்க ஏமாந்து போனாங்க. மூலத்த செஞ்சவங்க பட்ட பாட்டுல கால்வாசி கூட படாம அதப் பாத்து சிரிக்க மட்டும் வந்தது அது. நீங்க சொல்ற நக்கல்னா எனக்கு அது தான்.

'த லுக்கர்' அப்படி இல்ல டீச்சர். அதுல இருக்குற ஒவ்வொரு பலகையும் உண்மையான புதிர், மூளைய போட்டு கசக்கணும், அவுத்தப்பறம் தான் சிரிப்பே வருது. அப்படி ஒரு புதிர் செய்யணும்னா மூலத்த அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சுப் பாத்திருக்கணும், வெறுப்பு இருக்குற மனுசன் அவ்வளவு நேரம் ஒக்கார மாட்டான்.

எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்து நடக்கும். கம்பம் ஊன்றதுலருந்து கடைசி ராத்திரி காமன எரிக்கிற வரைக்கும் நான் சின்னதுல ஒரு நாளும் விட்டதில்ல. மதனும் ரதியும் வெரதம் இருந்து வேசம் கட்டுவாங்க, அது நேத்திக்கடன், வெளையாட்டு இல்ல. அதே கூத்துல நடுச்சாமத்துல கோமாளி வருவாரு, இடுப்புல சாக்குப் படங்கு சுத்திக்கிட்டு, காதுல பென்சில் சொருகிக்கிட்டு, கணக்கப்புள்ள மாதிரி ஒரு கிழிஞ்ச கொப்பிய தொறந்து சனத்துக்கு பேர் போடுவாரு, அதாவது அன்னைக்கு நாள்கூலி யாருக்குன்னு எழுதுவாரு, அப்பறம் ரதி அழுத பாட்டையே எடுத்து கொழுந்துக் கூடைய பறிகுடுத்த மாதிரி மாத்திப் பாடுவாரு. சனம் உருண்டு பொரண்டு சிரிக்கும், பக்கத்துல ரதி வேசம் கட்டினவரும் நின்னு சிரிப்பாரு. அந்தக் கோமாளிக்கு கூத்துப் பாட்டு மொத்தமும் அத்துப்படி, யாராவது அடி மறந்தா ஓரத்துல நின்னு மெல்ல எடுத்துக் குடுக்குறதும் அவரு தான். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தேடி சேத்து வச்சாரே நம்ம மலையக நாட்டார் பாட்டு, அந்த மாதிரி பாட்டுல கங்காணிய, தொரைய கிண்டல் பண்ணாம நம்ம சனம் இருந்ததே இல்ல.

உங்க வகுப்புல நடக்குறது வேற. அங்க பெலவீனமான புள்ளைய புடிச்சு பேசிக் காட்டுறாங்க, அத நீங்க நிறுத்த தான் வேணும். ஒண்ணு செஞ்சு பாக்கலாம், பேசிக் காட்டுற புள்ளைகிட்ட "சரி, அவன மாதிரியே அந்தக் கணக்க செஞ்சும் காட்டு"ன்னு சொல்லிப் பாருங்க. செய்யத் தெரிஞ்சவன் கிண்டல் வேற மாதிரி இருக்கும்.

கேள்வி: நான் ஹட்டன் டவுன்ல கடையில வேல செய்யிறேன் அக்கா. கொம்பியூட்டர் இல்ல, போன் தான். எங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லையா? (ஹட்டன் வாசகர்)

பதில்: இருக்கு தம்பி. 'த லுக்கர்' கொம்பியூட்டர்ல தான் ஓடும், அதுக்கு வழியில்ல. ஆனா 'தேர் இஸ் நோ கேம்'னு ஒண்ணு இருக்கு, 'இங்க கேம் ஒண்ணும் இல்ல'ன்னு அர்த்தம். 2015ல ஏமாத்துறதுங்குற தலைப்புல நடந்த ஒரு கேம் செய்யிற போட்டிக்காக பஸ்கல் கம்மிசொட்டோங்குறவரு செஞ்ச சின்னது, பிரவுசர்லயே ஓடும், காசு இல்ல. தொறந்ததும் ஒரு குரல் வந்து "இங்க கேம் ஒண்ணும் இல்ல, போய் வேற வேல இருந்தா பாருங்க"ன்னு சொல்லும், எதத் தொட்டாலும் தொடாதீங்கன்னு கத்தும், அந்தக் குரல மீறி நோண்டுறது தான் வெளையாட்டே. பத்து பதினஞ்சு நிமிசத்துல முடியும், கடையில சனம் இல்லாத நேரம் போதும். அதுலருந்து வளந்து 2020ல காசு குடுத்து வாங்குற பெரிய கேமாவும் வந்தது.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப புடிச்சது, 2008ல கியான் பஷிரிங்குறவரு செஞ்சது, பேரே 'யூ ஹேவ் டு பர்ன் த ரோப்', அதாவது 'கயித்த எரிக்கணும்'. குகைக்குள்ள நடந்து போறப்பவே சொவத்துல எழுதியிருக்கும், கடைசில ஒரு அரக்கன் இருக்கான், ஒங்க ஆயுதத்தால அவன ஒண்ணும் பண்ண முடியாது, மேல தொங்குற வெளக்கோட கயித்த எரிக்கணும்னு. போறீங்க, எரிக்கிறீங்க, விழுது, முடிஞ்சது, ஒரு நிமிசம் கூட இல்ல. அதுக்கப்பறம் ஒங்கள வீரன்னு புகழ்ந்து ஒரு பாட்டு வரும், கேம விட பாட்டு நீளம். அம்பது மணி நேரம் வெளையாட வச்சுட்டு கடைசி சண்டைக்கும் அம்புக்குறி போட்டு வழி காட்டுற கேமயெல்லாம் அந்த ஒரு நிமிசத்துல பேசிட்டாரு பாருங்க. அது ஃபிளாஷ்னு பிரவுசர்ல கேம் ஓட்டுற பழைய மென்பொருள்ல செஞ்சது, ஃபிளாஷ 2020 டிசம்பர் 31ஓட அடோபி கைவிட்டுட்டாங்க, இப்ப ரஃபிள்னு, ஃபிளாஷ் மாதிரியே நடந்துக்குற ஒரு எமுலேட்டர் வச்சு பழைய ஃபிளாஷ் கேமயெல்லாம் சில எடத்துல திரும்ப ஓட்றாங்க, தேடிப் பாருங்க.

கேள்வி: என் மகன் ஓ.எல். எழுதப் போறான். நீங்க இப்படி கேம் கேம்னு எழுதினா புள்ளைங்க எப்ப படிக்கிறது? (பண்டாரவளையிலருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, ஒங்க பயம் நியாயம், பரீட்சைக்கு கடைசி மாசத்துல எந்தக் கேமும் வேணாம்னு தான் நானும் சொல்லுவேன். ஆனா கேம்ல கேம் வித்தியாசம் இருக்கு. எங்க லயத்துல ஒரு புள்ள தெனமும் காசு கேக்குற ஒரு கேமுக்காக அம்மாவோட போன்ல இருந்த ரீலோட் மொத்தத்தையும் கரைச்சிட்டான், அந்தக் கேம் முடியவே முடியாது, முடியாத மாதிரி தான் அத செஞ்சே வச்சிருக்காங்க. நான் சொல்றது முடியுற கேம். கோயில் திருவிழா நாடகம் மாதிரி ஒரு ராத்திரி பாத்தா தீந்துச்சு, நாளைக்கு வா, காசு போடு, பட்டனத் தட்டுன்னு பின்னாலயே வராது.

காசையும் சொல்லணும். 'த விட்னஸ்' வந்தப்ப வெல 40 டொலர். 2024ல தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபா ஆச்சு, டொலர் 300 ரூபான்னு வச்சாலும் அந்தச் சம்பளத்துக்கு அந்த ஒரு கேமுக்கு ஒன்பது நாள் மலையில நிக்கணும், பேர் ஒழுங்கா விழுந்தா. நம்ம புள்ளைங்களுக்கு உலகத்துல நல்லா செஞ்ச ஒரு சாமான் காசில்லாம வீட்டுக்குள்ள வருதுன்னா அது எனக்கு பெரிய விசயம் அம்மா, அதனால தான் எழுதுறேன். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி அவன ஒங்க பக்கத்துல ஒக்கார வச்சு வெளையாடச் சொல்லுங்க, நீங்களும் பாருங்க, பிளேன்டீ ஊத்தி வச்சுக்கோங்க.

கேள்வி: இங்கிலீஷ் தெரியாம வெளையாட முடியுமா? (ராகலை)

பதில்: 'த லுக்கர்'ல கோடு போடுறதுக்கு இங்கிலீஷ் தேவையே இல்ல, குரல் பேசுற நகைச்சுவைல பாதி போகும், அம்மாயி கதைய மேல சொன்னேன்ல. 'தேர் இஸ் நோ கேம்'ல பேச்சு கூட, ஆனா தொடாதேன்னு சொல்றானா கெஞ்சுறானான்னு குரல்லயே வெளங்கும். தெரிஞ்ச ஒரு ஆளோட சேந்து வெளையாடினா நல்லது.

கேள்வி: அக்கா, நானும் ஒரு சின்ன கேம் செய்யணும். போன்ல வர்ற தோட்டம் போடுற கேம்லயெல்லாம் மூணு நிமிசத்துல செடி வளருது, சிரிச்சிக்கிட்டே காசு கொட்டுது. அத கிண்டல் பண்ணி கொழுந்து எடுக்குற கேம், அதுல நிறுக்குற தராசு ஒவ்வொரு தடவையும் கொறைச்சு காட்டும். நல்லா இருக்குமா? எதுல செய்யிறது? (லிந்துலையிலருந்து ஒரு தங்கச்சி)

பதில்: தங்கச்சி, இத படிச்சிட்டு நான் எந்திரிச்சு நின்னுட்டேன்! செய்யிங்க, கட்டாயம் செய்யிங்க. சாமானுக்கு பஞ்சமில்ல, பிட்ஸின்னு ஒண்ணு பிரவுசர்லயே ஓடும், சின்னச் சின்னக் கட்டப் படம் போட்டு கதை சொல்றதுக்கு நல்லது, இலவசம். கொஞ்சம் கோடிங் படிக்கிற எண்ணம் இருந்தா கொடோ இருக்கு, அதுவும் இலவசம். ஆனா அதுக்கெல்லாம் முன்ன ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து புதிர மொதல்ல பேப்பர்ல செய்யிங்க.

ஏன்னா தராசு கொறைச்சு காட்டுதுன்னு மட்டும் வச்சா அது சோகம், சிரிப்பு ஒரு தடவை தான் வரும், 'பிஸ்ட்' மாதிரி குப்பைய காட்டிட்டு போயிடும். வெளையாடுறவங்க அத கண்டுபுடிச்சு ஜெயிக்கிற மாதிரி இருக்கணும். இப்படி யோசிங்க: நம்ம பொண்ணு கூடையில 20 கிலோ இருக்கு, தராசு 18 காட்டுது. தண்ணிக்கு, கூடைக்குன்னு ஏதோ சொல்லி எழுதிட்டாங்க. இப்ப அந்தத் தராசு ரெண்டு கிலோ கழிக்குதா, இல்ல பத்துல ஒண்ண கழிக்குதா? ஒரு தடவை நிறுத்தா தெரியாது. பாதிய கொட்டிட்டு 10 கிலோவ மட்டும் போட்டுப் பாக்கணும். 9 காட்டினா பத்துல ஒண்ணு, 8 காட்டினா எவ்வளவு போட்டாலும் ரெண்டு கிலோ. இது உண்மையான புதிர், எட்டாம் வகுப்பு கணக்கு, ஆனா நம்ம பொம்பளைங்க மூணு நேரமும் வரிசைல நின்னு மனசுக்குள்ள போட்ட கணக்கு.

எவ்வளவு போட்டாலும் ரெண்டு கிலோ தான் போகுதுன்னு கண்டுபுடிச்சிட்டா அடுத்தது என்ன செய்வாங்க? அஞ்சு பேரு தனித்தனியா நிறுத்தா பத்து கிலோ போகும். அஞ்சு பேரும் ஒரே படங்குல கொட்டி ஒண்ணா தூக்கி மாட்டினா ரெண்டே கிலோ தான் போகும். அந்தப் பெரிய மூட்டைய அஞ்சு பொம்பளைங்க சேந்து தராசுல தொங்க விடுறத படமா நெனைச்சுப் பாருங்க, தராசு பிடிக்கிறவரு மூஞ்சிய நெனைச்சுப் பாருங்க, அங்க சிரிப்பு தானா வரும், நீங்க ஒரு வசனம் எழுத வேணாம்.

அப்பறம் அங்கயே அடுத்த புதிரும் கெடக்கு. மூட்டை ஒண்ணு, நிறை ஒண்ணு, கொப்பில பேர் போடுற எடமும் ஒண்ணு தான். அஞ்சு பேருக்கும் முழுப்பேர் விழணும், ஒருத்திக்கும் அரைப்பேர், அதாவது பாதி நாள்கூலி, ஆகக்கூடாது. எப்படி? நான் ரெண்டு விதமா யோசிச்சு வச்சிருக்கேன், ஆனா சொல்ல மாட்டேன், நீங்க அவுத்து பென்சில்லயே வரைஞ்சு அனுப்புங்க, ஒங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் கேட்டுட்டு.